ஓடுகிற இயந்திரத்துக்குப் பொட்டு

ஏஞ்சலினுக்கு ஆயுத பூஜையன்று எப்போதும் டூட்டி. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் கலைமதி வந்து கேட்டாள். உங்களுக்கு இது பண்டிகை இல்லைதானே அக்கா, அன்றைக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், கிறிஸ்துமஸுக்கு நான் வந்துவிடுகிறேன் என்றாள். நியாயமாகத்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தபோது கலைமதியின் குழந்தைக்குக் காய்ச்சல். மறு ஆண்டு அவள் மாமனாருக்குக் கண் ஆபரேஷன். எல்லாம் உண்மையான காரணங்கள். ஏஞ்சலின் இரண்டு பண்டிகைக்கும் வேலைக்கு வந்தாள். யாராவது கேட்டால், வீட்டில் இருந்து மட்டும் என்ன செய்யப்போகிறேன் என்பாள்.

ஆய்வகம் தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகும் சாலையில், முன்பு கிரானைட் கல்லுக்குப் பாலிஷ் போட்ட ஷெட்டில் இருந்தது. எவ்வளவு கழுவினாலும் ஜன்னல் விளிம்பில் வெள்ளைத் தூள் படியும். ஆரம்பித்தவர் டாக்டர் மாதவராஜ். வெளிநாட்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவர். கலைமதியும் ஏஞ்சலினும் டெக்னீஷியன்கள். மாதையன் வாட்ச்மேன், ஜெனரேட்டரும் எலக்ட்ரிக் வேலையும் அவர் பொறுப்பு. கம்பைநல்லூரில் ஒரு ரைஸ்மில்லில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தவர், மில் மூடிய பிறகு ஏஜென்சி மூலம் இங்கே வந்தார். ஏஞ்சலின் வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததாலும் கிறிஸ்தவர் என்பதாலும் அவளை சிஸ்டர் என்றே கூப்பிட்டார். அவள் நர்ஸும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. திருத்திச் சொல்லி அலுத்து, விட்டுவிட்டாள்.

உள்ளறையில் ஒரு உருளை இருந்தது. முழங்கை நீளம்கூட இல்லாத, கண்ணாடி போலத் தெரிகிற உருளை. அதற்குள் தலைமுடியைப் போன்ற மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில். குழாய்களுக்கு வெளியே காசநோய்க் கிருமி. குழாய்களுக்கு உள்ளே சத்து நீரும் மருந்தும் ஓடும். குழாயின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாக மருந்து கிருமியிடம் போகும்; கிருமி இந்தப் பக்கம் வர முடியாது. மாத்திரை விழுங்கிய மனிதனின் ரத்தத்தில் மருந்து எப்படி ஏறி எப்படி இறங்குகிறதோ, அப்படியே இங்கேயும் ஏறி இறங்க வேண்டும். இறக்குவது பம்பின் வேலை. அது புது நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மருந்து நீர்த்து வெளியேறும். பம்ப் நின்றால் மருந்து அங்கேயே தங்கிவிடும். எந்த மனித உடம்பிலும் அப்படித் தங்காது.

எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்பதை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் முன் இந்த உருளையில் பார்த்துவிடலாம் என்பது மாதவராஜின் கட்சி. இப்படிப்பட்ட உருளைகள் வெளிநாட்டில் ஏற்கெனவே உண்டு. இவர் செய்தது அதைவிட மிகவும் மலிவு. மலிவு என்பதாலேயே யாரும் நம்பவில்லை. மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் வெளிநாட்டு அலுவலகம் ஒன்று கடைசியில் ஒரு வழி சொன்னது. நோயாளிகளிடம் எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகத் தெரிந்த பழைய மருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உருளையும் அதையே சொல்கிறது என்று மூன்று முறை காட்டுங்கள். பிறகு பார்க்கலாம்.

ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு மாதம். அதன் பிறகு கிருமிகளைத் தட்டுகளில் வளர்த்து எண்ண இன்னொரு மாதம். இரண்டு ஓட்டங்கள் முடிந்திருந்தன. மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. ஆய்வகத்துக்கு வரும் பண உதவி மார்ச் வரைதான். அதற்குள் ஒப்புதல் வந்தால் மருந்துக் கம்பெனிகள் வேலை தரும். வராவிட்டால் ஷெட்டை மூட வேண்டும்.

ஏஞ்சலினின் வீடு பெரும்பாலும் அவள் சம்பளத்தில்தான் ஓடியது. கணவன் இனிகோ முன்பு மைக் செட் வைத்திருந்தான். கம்பைநல்லூரைச் சுற்றி மாதா தேரோ, மாரியம்மன் பண்டிகையோ, காதுகுத்தோ, கட்சிக் கூட்டமோ, எது நடந்தாலும் அவனுடைய ஸ்பீக்கர்தான் கத்தும். கல்யாணமான சில ஆண்டுகளில் அவனுக்குக் காசநோய் வந்தது. வழக்கமான மாத்திரைகளுக்கு அது கட்டுப்படவில்லை. அடுத்த கட்ட மருந்துகளோடு தினமும் ஒரு ஊசி, மாதக்கணக்கில். இப்போது அந்த ஊசியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அப்போது வேறு இல்லை.

முதலில் காதில் ஓர் இரைச்சல் வந்தது. ஆம்ப்ளிஃபயரில்தான் கோளாறு என்று நினைத்தான். அதைக் கழற்றிப் போட்டு ஒவ்வொரு ஒயராகப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. ஊசி போடுகிறவர் தினமும் காது கேட்கிறதா என்று கேட்பார். அவன் தலையாட்டுவான். ஏஞ்சலின் அப்போது சளிப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். அந்த ஊசி காதைப் பாதிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அவளும் கேட்பாள். அதற்கும் தலையாட்டுவான். முதலில் கேட்டுத்தான் ஆட்டினான். பிறகு, எந்த நாளிலிருந்து என்று யாருக்கும் தெரியாது, கேட்காமலே ஆட்டத் தொடங்கினான். தினமும் அதே முகங்கள், அதே வாயசைவு. தெரிந்த கேள்விக்குக் காது தேவைப்படவில்லை.

ஒரு மத்தியானம் மழை பிடித்தது. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சொன்னாள். அவன் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னாள். துணி நனைந்தது.

நோய் போய்விட்டது. காது திரும்பவில்லை. ஸ்பீக்கர்களை விற்றுவிட்டு சீரியல் விளக்கு செட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டான். திருவிழாக்களில் இப்போது அவனுடைய விளக்குகள் எரிகின்றன, சத்தம் வேறொருவருடையது. மற்ற நாட்களில் வீடுகளுக்கு ஒயரிங். அவர்கள் வீட்டில் காலிங் பெல்லை அமுக்கினால் மணி அடிக்காது, சமையலறைக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு எரியும். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வான். தன் குரலின் அளவு மட்டும் அவனுக்குத் தெரியாது. பஸ்ஸில் அவன் ரகசியம் சொன்னால் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார்.

புது வேலையைப் பற்றி ஒரு முறை அவள் உருளையைத் தாளில் வரைந்து காட்டினாள். எங்கே கிருமி, எங்கே மருந்து, எப்படி ஓடும் என்று விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"இதுக்குக் காது இருக்குதா?"

இல்லை என்று கையசைத்தாள்.

"அப்ப நல்லது. எவ்ளோ வேணுமோ ஊத்திப் பாத்துக்கங்க."

சொல்லிவிட்டு டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, பத்திரப்படுத்தவும் இல்லை. அது எங்கோ போய்விட்டது.

மூன்றாவது ஓட்டத்தின் நடுவில் ஆயுத பூஜை வந்தது. மாதவராஜ் அவருடைய அம்மாவைப் பார்க்கப் பெங்களூரு போயிருந்தார். காலையில் மாதையனுக்கு போன் செய்து, இந்த வருடம் பூஜையை நன்றாகச் செய்யுங்கள், ஒரு மெஷினையும் விடாதீர்கள் என்றார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது.

மாதையன் கேட்டில் வாழைக்கன்று கட்டினார். ஜெனரேட்டர், ஃபிரிட்ஜ், கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், தன்னுடைய டி.வி.எஸ். வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஏஞ்சலினின் மைக்ராஸ்கோப்புக்கும் வைத்தார். உள்ளறைக்குள் அவர் போகக் கூடாது. கவச உடையும் முகமூடியும் இல்லாமல் யாரும் போக முடியாது. ஆனால் உள்ளே மின்சாரம் போகும் பெட்டி வராந்தாவில்தான் இருந்தது. அதற்கும் பொட்டு வைத்தார். பூசணிக்காய் உடைத்தார். ஏஞ்சலினுக்குப் பொரியும் கடலையும் சுண்டலும் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் அதைத் தின்றுகொண்டே எழுத்து வேலையைப் பார்த்தாள். அவ்வப்போது எழுந்து போய் வராந்தாக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். பம்பில் பச்சை விளக்கு எரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். முந்தின நாளும் கலைமதியின் வேலையைச் சேர்த்துப் பார்த்திருந்ததால் முதுகு வலித்தது. அடுத்த முறை போனபோதும் பச்சை விளக்கு எரிந்தது.

சாயங்காலம் சாம்பிள் எடுக்க உடை மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது, ரப்பர் குழாயில் அசைவு இல்லை. பம்பின் தலை சுற்றவில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அது கரண்ட் இருக்கிறது என்பதற்கான விளக்கு, ஓடுகிறது என்பதற்கானது அல்ல. அதுவரை இரண்டும் சேர்ந்தே இருந்ததால் யாரும் அவற்றைப் பிரித்துப் பார்த்ததில்லை.

பட்டனை அழுத்தினாள். பம்ப் ஓடியது. வெளியே வந்து கை கழுவிவிட்டு மாதவராஜுக்கு போன் செய்தாள். பம்ப் நின்றிருந்தது, இப்போது போட்டுவிட்டேன் என்றாள். அவர், இப்போது ஓடுகிறதல்லவா, போகட்டும், முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் டீ குடிக்கும்போது மாதையனிடம் நேற்று கரண்ட் போனதா என்று கேட்டாள். போகவில்லை என்றார். பிறகு எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார்.

"நான்தான் சிஸ்டர், அந்தப் பொட்டிய ஆஃப் பண்ணிட்டுப் பொட்டு வெச்சேன். ஒரு சூடம் எரியற வரைக்கும்தான்."

"ஏண்ணா ஆஃப் பண்ணீங்க?"

அவர் அவளை வினோதமாகப் பார்த்தார். "ஓடுற மெஷினுக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

மில்லில் அன்றைக்கு மோட்டாரை நிறுத்தினால் மறுநாள் காலை தேங்காய் உடைக்கும்வரை தொடமாட்டார்களாம். அது அதற்கு ஓய்வு. இங்கே அவசர வேலை என்பதால் அவராகவே அதைக் குறைத்துக்கொண்டிருந்தார். சூடம் அணைந்ததும் சுவிட்சைப் போட்டு, கண்ணாடி வழியாகப் பச்சை விளக்கு எரிகிறதா என்றும் பார்த்திருந்தார். மின்சாரம் போய் வந்தால் அந்தப் பம்ப் தானாக ஓடாது, பட்டனை அழுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. வெளியே கரண்ட் போனாலும் இன்வர்ட்டர் தாங்கிவிடும் என்பதால், ஏஞ்சலினுக்குமே அதை யோசிக்க அதுவரை அவசியம் வரவில்லை. அது என்ன நேரம் என்று கேட்டாள். பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் என்றார். அப்படியென்றால் காலையிலேயே.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொன்னாள். அவர் ஏஜென்சி ஆள். ஒரு போன் போதும், மறுநாள் கேட்டில் வேறொருவர் நிற்பார். எதைச் சொல்ல வேண்டாம் என்கிறாள் என்பது புரியாமலே மாதையன் சரி என்றார்.

நவம்பர் கடைசியில் தட்டுகளை எண்ணி முடித்தார்கள். கலைமதி கம்ப்யூட்டரில் கோடுகளை வரைந்தாள். நோயாளிகளிடம் கிருமி குறைந்த விதத்தைக் காட்டும் கோடு ஒன்று, உருளையின் கோடுகள் மூன்று. முதல் இரண்டிலும் கிருமி நோயாளிகளிடம் செத்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே செத்திருந்தது; அனுமதித்த எல்லைக்குள் இருந்தன, அவ்வளவுதான். மூன்றாவது நோயாளிகளின் கோட்டின் மேலேயே படுத்திருந்தது.

மாதவராஜ் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அந்த ஆண்டில் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை ஏஞ்சலின் பார்த்ததில்லை. பிறகு அவருக்கு ஆயுத பூஜை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அன்னைக்கு பம்ப் கொஞ்ச நேரம்தானேம்மா நின்னுச்சு?"

கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. தலையை அசைத்தால் போதும். கலைமதி ஏஞ்சலினைப் பார்த்தாள். வாசலில் மாதையன் டீ பிளாஸ்கோடு நின்றுகொண்டிருந்தார். தலை தன்னால் அசையப் போவது ஏஞ்சலினுக்குக் கழுத்தில் தெரிந்தது. எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்தாள்.

"இல்லைங்க சார்" என்றாள். "காலையிலயே நின்னுருச்சு. சாயங்காலம் நான் உள்ள போற வரைக்கும் ஓடல."

"நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"பாத்தேங்க சார். பச்சை லைட்டைப் பாத்தேன்."

மாதவராஜ் நாற்காலியைத் திருப்பி, ஏன் நின்றது என்று கேட்டார். அவள் எதையோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் மாதையன் பிளாஸ்கை மேஜைமேல் வைத்தார்.

"நான்தாங்க சார் நிறுத்துனேன். ஒண்ணு வுடாம எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னீங்களே."

அதன் பிறகு மாதவராஜால் யாரையும் எதுவும் கேட்க முடியவில்லை. டீயை ஊற்றச் சொன்னார். மருந்து வெளியேறாமல் தங்கியதால் கிருமி அதிகமாகச் செத்திருக்கிறது, கோடு அழகாக இருப்பது அதனால்தான் என்று எல்லோருக்கும் தெரிந்ததைச் சொன்னார். மறுபடியும் அதையே சொன்னார். டீ ஆறியது.

மூன்றாவது ஓட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றும், நான்காவதாக ஒன்றை ஓட்டுவது என்றும் முடிவாயிற்று. ஏன் சேர்க்கவில்லை என்பதை அந்த வெளிநாட்டு அலுவலகத்துக்கு எழுதியாக வேண்டும். அன்று மாலை முழுவதும் அதிலேயே போனது. மாதவராஜ் ஒரு வாக்கியத்தைத் தட்டுவார், அழிப்பார். மின்தடை என்று எழுதினார். அது பொய் என்று அவரே அழித்தார். கலைமதி, மெயின்டனன்ஸ் என்று போட்டுவிடலாமே என்றாள்.

"அதுவும் சரிதானுங்களே" என்றார் மாதையன். "வருசத்துக்கு ஒருக்கா மெஷினுக்குச் செய்யறதுதானே."

மாதவராஜ் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கடைசியில் எழுதியதை அவர்களுக்குத் தமிழில் சொன்னார். கருவிகளுக்கு மரியாதை செய்யும் ஆண்டு நாள் ஒன்றில், வழக்கப்படி, ஊழியர் மின்சாரத்தை நிறுத்தினார். மின்சாரம் வந்தபின் பம்ப் ஓடவில்லை. விளக்கு எரிந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை. மாதையன் அதில் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வீட்டில் இனிகோவிடம் நடந்ததைச் சொன்னாள். அவனுக்குப் புரியும்படி மெதுவாக, உதட்டை விரித்துச் சொல்ல வேண்டியிருந்ததால் அது இன்னும் நீளமான கதையாகப் போனது. அவன் ஒன்றைத்தான் கேட்டான்.

"நின்னா என்ன சத்தம் வரும்?"

"சத்தமே வராதுங்க. ஓடும்போதே சத்தம் கம்மி."

"அப்ப அங்க எல்லாரும் என்னை மாதிரிதான்" என்றான் பலமாக. பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.

அந்த வாரமே அவன் ஒன்றைச் செய்து கொடுத்தான். பம்பின் சுற்றும் தலையில் ஒட்ட ஒரு சின்னக் காந்தம், பக்கத்தில் அதை உணரும் ஒரு சுவிட்ச், தனி பேட்டரி. சுற்றுவது நின்றால் வராந்தாவில் ஒரு சிவப்பு பல்பு எரியும். பெங்களூரில் ஆர்டர் போட்டால் வர ஒரு மாதமாகும் என்பதால் மாதவராஜ் சம்மதித்தார். உள்ளறையைச் சுத்தம் செய்து கிருமி சாகப் புகை போட்டு முடித்த பிறகு, நான்காவது ஓட்டம் தொடங்கும் முன், இனிகோ வந்து மாட்டினான். அவன் உள்ளே இருந்த கொஞ்ச நேரமும் உருளையின் பக்கம் திரும்பவில்லை.

அந்த ஓட்டத்தின் நடுவில் கிறிஸ்துமஸ் வந்தது. அந்த ஆண்டு கலைமதி சொன்னபடி டூட்டிக்கு வந்துவிட்டாள். ஏஞ்சலின் மாதா கோயிலில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். இரண்டு முறை எழுந்து வெளியே போய் கலைமதிக்கு போன் செய்தாள். மத்தியானம் கேக்கை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே போய்விட்டாள். ஏன் அக்கா வந்தீர்கள், நான்தான் இருக்கிறேனே என்று கலைமதி கோபித்துக்கொண்டாள். ஏஞ்சலினுக்கு ஓய்வு கிடைத்தால் என்ன செய்வது என்பது மறந்துபோயிருந்தது.

நான்காவது கோடும் எல்லைக்குள் இருந்தது. முதல் இரண்டைப் போல, சுமாராக. மார்ச் முடிவதற்குள் எல்லாவற்றையும் அனுப்பினார்கள். மார்ச் முடிந்தது, பண உதவி நின்றது. மாதவராஜ் டெக்னீஷியன்கள் இருவரையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கலைமதி ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போனாள். போகும்போது, அன்றைக்கு நீங்கள் தலையாட்டியிருந்தால் டிசம்பரிலேயே அனுப்பியிருக்கலாம் அக்கா என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. ஏஞ்சலினும் அதை நினைக்காமல் இல்லை. அவளும் வேறு வேலை பார்க்கிறேன் என்றாள், பார்க்கவில்லை. அரைச் சம்பளத்துக்கு வந்துபோனாள். ஓடாத பம்பைத் துடைத்து வைத்தாள். வெயில் காலத்தில் ஷெட்டின் தகரம் காய்ந்து டப்டப் என்று அடித்துக்கொள்ளும். மாதையனும் அவளும் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் மில்லைப் பற்றிப் பேசுவார். அவள் கேட்பது போல இருப்பாள்.

மே மாதம் அந்த வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து கேள்விகள் வந்தன. பெரும்பாலானவை எண்களைப் பற்றியவை. ஒன்று மட்டும் ஆயுத பூஜையைப் பற்றியது. அந்த வழக்கம் மறுபடியும் வருமா, வருமென்றால் எந்தத் தேதியில்? மாதவராஜ் வருமென்று எழுதினார். ஒவ்வொரு ஆண்டும் தேதி மாறும் என்பதையும், அது ஏன் மாறுகிறது என்பதையும் எழுத இன்னும் இரண்டு பத்தி தேவைப்பட்டது. மறுபடி வந்தால் என்ன ஏற்பாடு என்ற கேள்விக்கு சிவப்பு பல்பைக் காட்டினார். பல்புக்குச் சான்றிதழ் யார் கொடுத்தது என்று கேட்டார்கள்.

சான்றிதழ் கொடுக்கச் சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். பம்பை நிறுத்தினார், பல்பு எரிந்தது. ஓடவிட்டார், அணைந்தது. இதையே பல முறை செய்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இனிகோ கேட்டருகே பைக்கில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எரியுதுன்னு சொல்றதுக்கு சேலத்துலருந்து வரணுமா" என்று அவன் ரகசியமாகச் சொன்னது அந்த ஆளுக்குக் கேட்டது.

பதில் ஆகஸ்டில் வந்தது. மாதவராஜ் அதைத் தனியாகப் படித்துவிட்டு ஏஞ்சலினைக் கூப்பிட்டு, வரிவரியாகத் தமிழில் சொன்னார். இந்த உருளையிலிருந்து கிடைக்கும் விவரங்களை, மற்ற விவரங்களுடன் சேர்த்து, மருந்தின் அளவைத் தேர்ந்தெடுக்கத் துணையாக எடுத்துக்கொள்ளலாம். தனியாக எடுத்துக்கொள்ள இயலாது. சொல்லி முடித்துவிட்டு, சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியாதவரைப் போல மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"நல்ல செய்திதானேம்மா?"

"தெரியலைங்க சார். இன்னொருக்கா படிங்க."

அவர் படித்தார். துணையாக எடுத்துக்கொள்ளலாம் என்ற இடத்தில் இருவரும் நின்றார்கள். அதில் இருப்பதுதான் இருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

அன்று வீட்டில் அவள் சொன்னபோது இனிகோ அவள் உதட்டையே பார்த்தான். இனிமேல் ஊசி எல்லாம் முதலில் அதில்தான் போடுவார்களா என்று கேட்டான். அப்படி இல்லை, அதிலும் போட்டுப் பார்ப்பார்கள் என்றாள். அவன் கொஞ்ச நேரம் அந்த 'அதிலும்' என்பதை யோசித்தான். பிறகு சாப்பாடு போடச் சொன்னான்.

செப்டம்பரில் ஒரு கம்பெனி ஒரு மருந்தை அனுப்பியது. ஒன்றே ஒன்று. ஷெட்டை அப்போதைக்கு மூட வேண்டியதில்லை என்றாயிற்று. அந்த ஓட்டம் பாதியில் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. கேட்பதற்குக் கலைமதி இல்லை. இருந்தாலும் ஏஞ்சலின்தான் டூட்டி.

மாதையன் வாழைக்கன்று கட்டினார். ஜெனரேட்டருக்குப் பொட்டு வைத்தார். வராந்தாவில் இருந்த மின்பெட்டியின் பக்கம் போகவே இல்லை. தூரத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டார். பொரியை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போனபோதுதான் ஏஞ்சலின் பார்த்தாள். சிவப்பு பல்பின் முகம் முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. எரிந்தாலும் தெரியாது.

முந்தானையால் துடைத்தாள். மாதையன் பின்னால் வந்து நின்றார்.

"அதுவும் மெஷின்தானுங்களே சிஸ்டர்."

அவர் குரலில் வருத்தம் இருந்தது. பல்புக்கு மேலே ஹோல்டரில் ஒட்டியிருந்ததை அவள் துடைக்காமல் விட்டாள். இங்கே வைத்துக்கொள்ளலாம் அண்ணா என்றாள். அவர் விரலில் மிச்சமிருந்த சந்தனத்தை அங்கே வைத்து, பொட்டைச் சரிசெய்தார்.

சாயங்காலம் சாம்பிள் எடுத்து முடித்துக் கை கழுவிவிட்டு வெளியே வந்தாள். ராத்திரிக்கு மாதவராஜ் வருகிறேன் என்றிருந்தார். அதுவரை மாதையன் பல்பைப் பார்த்துக்கொள்வார். இனிகோ கேட்டுக்கு வெளியே பைக்கோடு நின்றிருந்தான். உடைந்த பூசணிக்காயை ஒரு மாடு முகர்ந்துகொண்டிருந்தது.

"ஓடுதா?" என்று கத்தினான். சாலைக்கு அந்தப் பக்கம் போனவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் தலையாட்டினாள். பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் வண்டியை உதைத்தான். கிளம்புவதற்குள் அவன் தோளைத் தட்டி இறங்கிக்கொண்டாள்.

கேட்டைத் தாண்டி, வராந்தாவில் நடந்து, கண்ணாடி முன்னால் போய் நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது. சிவப்பு பல்பு எரியவில்லை. அவள் இரண்டையும் விட்டுவிட்டு ரப்பர் குழாயைப் பார்த்தாள். குழாய் லேசாகப் புடைத்து, அமுங்கி, மறுபடியும் புடைத்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தபோது இனிகோ வண்டியை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடியும் தலையாட்டினாள். அவன் வண்டியை எடுத்தான்.